ரப்பரின் நடத்தையும் எந்திரக் கற்றலும்: விதியறிந்த கற்றல் குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ரப்பர் போன்ற பெருந்திரிபுப் பொருள்களின் விசைசார் நடத்தையை முன்கூட்டி உரைக்க எந்திரக் கற்றல் இன்று பயன்படுகிறது. தரவை மட்டும் நம்பிய கற்றல் எங்கே தவறுகிறது, இயற்பியல் விதிகளைத் தன் கட்டமைப்பிலேயே கொண்ட கற்றல் அத்தவற்றை எவ்வாறு தவிர்க்கிறது என்பவற்றை இக்கட்டுரை தமிழ் இலக்கணப் புணர்ச்சி எடுத்துக்காட்டுகளின் துணையுடன் விளக்குகிறது. இத்துறையைத் தமிழில் எழுதும்போது எழும் கலைச்சொல் சிக்கல்கள் சிலவும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ரப்பர், தகைவு, திரிபு, எந்திரக் கற்றல், நரம்பு வலைப்பின்னல், கலைச்சொல்

முன்னுரை

செஞ்சியை அடுத்த தளவானூரில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சத்துருமல்லேசுவரம் பதின்மூன்று நூற்றாண்டுகளைக் கடந்தும் நிற்கிறது. அதன் முகப்புத் தூண்கள் தம் மேலுள்ள பாறையின் சுமையால் சிறிதும் அசையவில்லை என்றே காண்போர் எண்ணுவர். உண்மையில் கல்லும் சுருங்கும்; கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே வேறுபாடு. 2 மீட்டர் உயரமுள்ள கருங்கல் தூண் ஒன்றின் மீது 1 மெகாபாஸ்கல் தகைவு செயற்படுவதாகக் கொள்வோம். கருங்கல்லின் யங் குணகம் 50 கிகாபாஸ்கல் அளவில் இருப்பின், அத்தூண் 0.04 மில்லிமீட்டர் மட்டுமே குறுகும். அதே 1 மெகாபாஸ்கல் தகைவால் வல்கனைசு செய்த ரப்பர்ப் பட்டை ஒன்றை இழுத்தால், அது தன் இயல்பு நீளத்தினும் மூன்று மடங்குக்கு மேல் நீண்டுவிடும்.

இவ்விரண்டு பொருள்களுக்கும் ஒரே விதி போதாது. 1678-இல் இராபர்ட் ஹூக் வெளியிட்ட விதி, விசைக்கு நேர்விகிதத்தில் நீட்சி அமையும் என்பது. கல்லுக்கும் இரும்புக்கும் அது போதும். ரப்பர் அவ்விதிக்குள் அடங்குவதில்லை. அதற்கெனத் தனி விதி தேடும் முயற்சி 1940 முதல் இன்றுவரை நீள்கிறது. அண்மைக் காலத்தில் அத்தேடலை எந்திரங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். இலக்கண விதிகளையும் வழக்குகளையும் எதிரெதிர் வைத்து நோக்கிப் பழகிய தமிழாய்வாளர்க்கு இத்துறையில் எழுந்துள்ள விவாதம் அயலானதன்று என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

ரப்பர் ஏன் மீள்கிறது

ரப்பர் மரத்தின் பாலில் இருப்பது பாலிஐசோப்ரீன் எனப்படும் மிக நீண்ட சங்கிலி மூலக்கூறு. 1839-இல் சார்லஸ் குட்இயர் கந்தகத்துடன் சேர்த்துச் சூடேற்றியபோது இச்சங்கிலிகள் ஆங்காங்கே ஒன்றோடொன்று பிணைந்து ஒரு வலையாயின. இயல்பு நிலையில் ஒவ்வொரு சங்கிலியும் சிக்குண்ட நூல்போல் சுருண்டு கிடக்கும். இழுக்கும்போது சுருள் நிமிர்கிறது. சுருண்டு கிடப்பதற்குரிய வழிகள் எண்ணற்றவை. நிமிர்ந்து நிற்பதற்குரிய வழிகள் மிகச் சில. எனவே விட்டவுடன் சங்கிலி பெரும்பான்மை வழிகளை உடைய சுருள்நிலைக்கே திரும்புகிறது. இரும்புச் சுருள்வில்லில் அணுக்களுக்கு இடைப்பட்ட ஈர்ப்பு செய்யும் வேலையை, ரப்பரில் இந்த ஒழுங்கின்மை நாட்டம் செய்கிறது.

இதற்கான சான்றை எவரும் சோதித்துப் பார்க்கலாம். அகலமான ரப்பர்ப் பட்டை ஒன்றைச் சட்டென இழுத்து உதட்டில் வைத்தால் வெப்பம் தெரியும். ஜான் காஃப் 1805-இலேயே இதைக் குறித்திருக்கிறார். சுமை தொங்கும் ரப்பரைச் சூடாக்கினால் அது நீளாமல் குறுகும் என்பதையும் அவரே கண்டார். மற்றப் பொருள்கள் வெப்பத்தால் விரிய, இது சுருங்குவதற்கு மேற்கூறிய காரணமே விடை.

சங்கிலிக் கணக்கிலிருந்து கிடைத்த முதல் விதி மிக எளியது. ஒரு மாறிலி மட்டுமே அதில் உண்டு. மெல்வின் மூனி 1940-இல் இரண்டு மாறிலி கொண்ட வடிவத்தைத் தந்தார்; இரிவ்லின் 1948-இல் அதைப் பொதுமைப்படுத்தினார். ஆக்டன் 1972-இல் ஆறு மாறிலிகள் கொண்ட வாய்பாட்டை முன்வைத்தார். அருடாவும் பாய்சும் 1993-இல் எட்டுச் சங்கிலிகள் கொண்ட ஒரு கனசதுரத்தை எண்ணி, மாறிலிகளை இரண்டாகக் குறைத்தனர். இவ்விதிகள் அனைத்தையும் உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல்லாக இருப்பவை ட்ரெலோர் 1944-இல் வெளியிட்ட அளவீடுகள். அவர் ஒரே ரப்பரை ஒருபுறமாக இழுத்தும், இருபுறமும் சமமாக விரித்தும், அகலம் மாறாமல் நீட்டியும் அளந்தார். மொத்தம் சில பத்துப் புள்ளிகளே. எண்பது ஆண்டுகளாக உலகம் அவற்றை மீண்டும் மீண்டும் பயன்படுத்துகிறது.

ஒற்றை மாறிலி விதியை அவ்வளவீட்டோடு ஒப்பிடுவோம். சறுக்குக் குணகத்தை 0.4 மெகாபாஸ்கல் எனக் கொண்டால், மூன்று மடங்கு நீட்சியில் விதி சொல்லும் தகைவு அளவீட்டினும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிகை. ஏழரை மடங்கை எட்டும்போதோ, அளவீடு விதியைப் போல் இரு மடங்கு ஆகிவிடுகிறது. நடுவில் மிகை, கடையில் குறை. சங்கிலிகள் முற்றும் நிமிர்ந்தபின் மேலும் நீள இடமில்லாமல் விறைப்பதை அவ்விதி அறியாது.

பலூனும் டயரும்

சென்னைத் திருவொற்றியூரில் 1946-இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை விளையாட்டுப் பலூன் செய்யும் ஒரு சிறு பட்டறையைத் தொடங்கினார். மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி என்னும் எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் தோற்றுவாய் அதுவே. 1952-இல் அது பலூனிலிருந்து டயர்களுக்கான ட்ரெட் ரப்பருக்கு மாறியது. தொழில் வரலாறாக இது நன்கறிந்த செய்தி. நம் பொருளுக்கு வேண்டுவது இதனுள் இருக்கும் விசையியல்: பலூனின் சுவர் இருபுறமும் சமமாக விரிகிறது; ட்ரெட் ரப்பரோ அழுந்தியும் சறுக்கியும் ஒவ்வொரு சுழற்சியிலும் உருமாறி மீள்கிறது. மூலப்பொருள் ஒன்றாயினும் அது படும் திரிபு வேறு. ஒன்றில் அளந்ததை வைத்து மற்றதைக் கூற இயலுமா என்பதே பொருள்நடத்தை விதி எதிர்கொள்ள வேண்டிய வினா.

பலூன் எளிய பொருளன்று. ஊதத் தொடங்கும்போது கடினம்; சிறிது ஊதியபின் திடீரென எளிதாகிறது; வெடிக்கும் நிலை நெருங்குகையில் மீண்டும் இறுகுகிறது. ஒற்றை மாறிலி விதியின்படி கணக்கிட்டால், கோளப் பலூனின் விட்டம் இயல்பளவினும் 1.38 மடங்கு ஆகும்போது உள்ளழுத்தம் உச்சத்தை எட்டி, அதன்பின் இறங்கத் தொடங்கும். முதல் இரண்டு நிலைகளை அவ்விதி அழகாகக் காட்டிவிடுகிறது. மூன்றாவதை அதனால் காட்ட இயலாது.

ரப்பரின் ஆற்றலை இரண்டு அளவுகளால் எழுதுவது மரபு. ஒன்று, மூன்று திசைகளிலும் ஏற்படும் நீள விகிதங்களின் வர்க்கங்களது கூட்டு. மற்றொன்று, மூன்று முகங்களிலும் ஏற்படும் பரப்பு விகிதங்களின் வர்க்கங்களது கூட்டு. பார்ப்பவர் எத்திசையில் நின்று அளந்தாலும் இவை மாறா. ஆகவே மாறாக்கூறுகள் எனலாம். உருமாற்றம் இல்லாத நிலையில் இரண்டும் 3. ரப்பரை ஒருபுறமாக மூன்று மடங்கு இழுத்தால் நீளக்கூறு 9.67 ஆகவும் பரப்புக்கூறு 6.11 ஆகவும் இருக்கும். அதையே பலூன்போல் இருபுறமும் மூன்று மடங்கு விரித்தால் நீளக்கூறு 18.01, பரப்புக்கூறு 81.22. ஒருபுற இழுப்பில் பரப்புக்கூறு பெரும்பாலும் உறங்குகிறது. அதன் பங்கைச் சற்றே தவறாகக் கணித்தாலும் அங்கே பிழை தெரியாது. பலூனுக்குச் சென்றவுடன் அப்பிழை பன்மடங்கு பெருகி வெளிப்படும்.

தரவை மட்டும் அறிந்த எந்திரம்

நரம்பு வலைப்பின்னல் என்பது பெயரில் காட்டும் அளவுக்குப் புதிரானதன்று. அது எண்களைப் பெற்று, அவற்றைச் சில பெருக்கெண்களால் பெருக்கிக் கூட்டி, ஒரு வளைகோட்டுச் சார்பின் வழியே செலுத்தி, அடுத்த அடுக்குக்கு அனுப்புகிறது. தொடக்கத்தில் பெருக்கெண்கள் மனம்போனவாறு இடப்பட்டவை. விடை அளவீட்டிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்த்து, விலகல் குறையும் திசையில் ஒவ்வொரு பெருக்கெண்ணையும் சிறிது சிறிதாகத் திருத்துவதே பயிற்சி. 1991-இல் கபூசியும் அவருடன் பணியாற்றியோரும் கான்கிரீட்டின் நடத்தையை இவ்வாறு கற்பித்தனர். விதியை மனிதர் எழுத வேண்டியதில்லை, தரவே விதியாகும் என்னும் நம்பிக்கை அப்போது பிறந்தது.

அந்நம்பிக்கைக்கு ரப்பரில் தடை நேர்கிறது. வலைப்பின்னலில் பெருக்கெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். அளவீட்டுப் புள்ளிகளோ சில பத்து. பாடத்தைப் பொருளறியாமல் நெட்டுருப் போட்ட மாணவன் கேட்ட வினாவை ஒரு சொல் பிறழாமல் ஒப்பிப்பான். வினாவைச் சற்றே மாற்றிக் கேட்டால் திகைப்பான். ஒருபுற இழுப்பில் மட்டும் பயின்ற வலைப்பின்னலைப் பலூனுக்கு அனுப்பினால் நிகழ்வதும் அதுவே.

புணர்ச்சியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். 'மரம்' என்னும் நிலைமொழியோடு வேர், வரிசை, வயிரம் ஆகிய வருமொழிகள் மட்டும் புணர்ந்த தொடர்களைக் கொண்டு ஒருவர் பயில்கிறார் எனக் கொள்வோம். மரவேர், மரவரிசை, மரவயிரம் என எல்லாவற்றிலும் மகரம் கெட்டுள்ளது. இத்தரவுக்கு மகரம் கெடும் என்னும் விதி முற்றப் பொருந்தும், பிழை சுழியம். ஆயின் 'கிளை' வந்தவுடன் அவர் 'மரகிளை' என்பார். மரக்கிளை என வல்லினம் மிகுவதை அவர் கண்ட தரவு காட்டவே இல்லை. 'அடி' வந்தால் மரவடி என உடம்படுமெய் தோன்றுவதும் அவ்வாறே. அவர் தந்த விடை தரவுக்கு மாறானதன்று, தரவு பேசாத இடத்தில் தானே பேசியதுதான் பிழை. இலக்கண நூலார் வருமொழி முதலை உயிர், வல்லினம், மெல்லினம், இடையினம் எனப் பகுத்துக்கொண்டு நோக்கியது, எவ்வகைத் தரவு இன்னும் வரவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளும் வழியுமாகும். ட்ரெலோர் மூவகைச் சோதனை செய்ததும் அதுபோன்றதே.

இது ஏட்டளவிலான ஐயம் அன்று. 1986 சனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73-ஆம் நொடியில் சிதைந்து எழுவர் மாண்டனர். உந்துகலனின் இணைப்பை அடைத்திருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்து, இடைவெளி விரிந்தபோது விரைந்து மீண்டு அதை அடைக்கத் தவறியது. அன்று காலை வெப்பநிலை ஏறத்தாழ 2 பாகை செல்சியசு. அதற்கு முன் நிகழ்ந்த ஏவல்களுள் மிகக் குளிர்ந்தது 12 பாகை அளவில் இருந்தது. அங்கே முடிவெடுத்தவர்கள் மனிதர்களே, எந்திரமன்று. எனினும், அளந்த எல்லைக்கு வெளியே ரப்பர் எவ்வாறு நடக்கும் என்பதற்கு அளவீடு இல்லாதபோது எடுத்த முடிவு அது என்பது இங்கு நோக்கத்தக்கது.

விதியறிந்த எந்திரம்

இன்றைய ஆய்வின் திசை, வலைப்பின்னலுக்கு மேலும் தரவை ஊட்டுவதைக் காட்டிலும் அதன் கட்டமைப்பையே விதிக்கு உட்படுத்துவது. ரப்பர் எதுவாயினும் மீற முடியாத சில உண்மைகள் உள்ளன. இழுக்காத ரப்பரில் தகைவு இல்லை. ரப்பரைச் சுழற்றிப் பிடிப்பதால் மட்டும் அதன் ஆற்றல் மாறாது. உருமாறினாலும் அதன் கனஅளவு ஏறக்குறைய மாறுவதில்லை. உருமாற்றத்தைக் கூட்டுகையில் ஆற்றல் கட்டுக்கடங்காமல் சரிந்துவிடக் கூடாது. இதற்கான கணித நிபந்தனையை ஜான் பால் 1977-இல் வகுத்தார்.

இவற்றுள் மிக நுட்பமானது ஆற்றல் பற்றிய நிபந்தனை. திரிபை உள்ளீடாகவும் தகைவை நேரடி வெளியீடாகவும் கொண்ட வலைப்பின்னல், ரப்பரை ஒரு வழியில் இழுத்து வேறு வழியில் தளர்த்தித் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவரும்போது, போட்ட ஆற்றலினும் மிகுதியாகத் திரும்பத் தரக்கூடும். அதாவது அறியாமலே அது ஒரு நித்திய இயக்க எந்திரத்தைக் கற்றிருக்கும். அளவீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் எந்தச் சோதனையிலும் இது வெளிப்படாமல் போகலாம். தீர்வு எளிமையானது: வலைப்பின்னல் தகைவைக் கற்க வேண்டாம், ஆற்றலைக் கற்கட்டும். தகைவை ஆற்றலின் வகைக்கெழுவாகப் பெற்றுக்கொள்ளலாம். அப்போது எவ்வளவு குறைவாகப் பயின்றாலும் எந்திரம் இப்பிழையைச் செய்ய இயலாது. பிழையைத் திருத்துவதும் பிழைக்கு இடமில்லாமற் செய்வதும் வெவ்வேறு. இவ்வேறுபாட்டையே இத்துறையின் முதன்மையான கண்டுபிடிப்பாகக் கருத வேண்டும்.

2021-இல் லிங்கா முதலியோர் இக்கருத்தைப் பொருள்நடத்தைக்கான செயற்கை நரம்பு வலைப்பின்னலாக வடித்தனர். லிங்காவும் எல்லன் கூலும் 2023-இல் வெளியிட்ட வடிவம் இன்னும் தெளிவானது. அதன் உள்ளீடு முன்பு கூறிய இரண்டு மாறாக்கூறுகள் மட்டுமே. அவற்றை அப்படியே கொள்ளலாம், இருமடியாக்கலாம், அடுக்குக்குறிச் சார்பில் இடலாம். வலைப்பின்னலின் கிளைகள் இவ்வளவே. பயிற்சியில் தேவையற்ற கிளைகளின் பெருக்கெண்கள் சுழியமாகிவிடும். எஞ்சிய கிளைகளைப் படித்தால் அது ஒரு சூத்திரமாகவே இருக்கும். சில வேளைகளில் மூனியின் பழைய விதியே மீண்டும் வெளிப்படும். ஆயிரக்கணக்கான எண்களுக்குள் புதைந்து எவராலும் வாசிக்க இயலாத விடையைக் காட்டிலும், நூற்பாவைப்போல் சுருங்கிய, பிறர் சோதித்து மறுக்கத்தக்க விடை மேலானது. இத்தகைய வலைப்பின்னலுக்குச் சில பத்துப் புள்ளிகளும் போதுமானவையாகின்றன.

ஃபிளாஷல், சித்தாந்த் குமார், டி லொரென்சிஸ் ஆகியோர் 2021-இல் வேறொரு வழி கண்டனர். ரப்பரின் உட்தகைவை எக்கருவியாலும் நேரே அளக்க இயலாது. மேற்பரப்புப் புள்ளிகள் எங்கெங்கு நகர்ந்தன என்பதையும், மொத்தமாகச் செலுத்திய விசையையும் மட்டுமே அளக்க முடியும். விசைச் சமநிலை என்னும் விதியையே ஆசிரியனாகக் கொண்டு, அவ்விரண்டிலிருந்து பொருளின் விதியை அவர்கள் முறை பிரித்தெடுக்கிறது. துளையுள்ள ஒரு தகட்டை இழுத்தால் அதன் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு வகைத் திரிபுக்கு உள்ளாகும். ஆகவே ஒரே சோதனை பல சோதனைகளின் வேலையைச் செய்துவிடும். பலவகைச் சோதனைப் பொறிகளை வாங்க இயலாத சிறு ரப்பர்ப் பட்டறைகளுக்கு இது பொருளாதார அளவிலும் முதன்மையுடையது.

எல்லா இடர்களும் தீர்ந்தன எனல் பொருந்தாது. முதன்முறை இழுத்த ரப்பர் இரண்டாம் முறை இழுக்கும்போது முன்னினும் மென்மையாக இருக்கும். 1948 முதல் முல்லின்சு பெயரால் அறியப்படும் இவ்விளைவு, ரப்பருக்கு நினைவு உண்டு என்பதைக் காட்டுகிறது. ஆற்றல் இழப்பு, வெப்பநிலை, மூப்பு ஆகியவற்றையும் சேர்த்தால் இரண்டு மாறாக்கூறுகள் போதா. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற கே. ஆர். இராசகோபால் இன்னும் அடிப்படையான ஐயத்தை 2003-இல் எழுப்பினார். தகைவைத் திரிபின் சார்பாக எழுதும் வழக்கம் தலைகீழானது, விசை காரணம், உருமாற்றம் காரியம், இரண்டையும் இணைக்கும் தொடர்பு வெளிப்படையாக எழுத இயலாததாகவும் இருக்கலாம் என்பது அவர் வாதம். அதை ஏற்றால், மேலே விவரித்த வலைப்பின்னல்களின் உள்ளீடு, வெளியீடு என்னும் பகுப்பே மறுஆய்வுக்கு உரியதாகும்.

கலைச்சொல் குறித்துச் சில

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தகைவு, திரிபு என வழங்குவனவற்றை இலங்கைப் பாடநூல்கள் தகைப்பு, விகாரம் என வழங்குகின்றன. தகைத்தல் தடுத்தலாதலின், புறவிசையை எதிர்த்து உள்ளே எழும் தடையைத் தகைவு என்றது பொருத்தமே. திரிபும் விகாரமும் புணர்ச்சி இலக்கணத்திலிருந்து வந்த சொற்கள். ஆனால் இலக்கணத்தில் விகாரம் பொதுப்பெயர்; தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் அதன் வகைகள். ரப்பரில் புதிதாக எதுவும் தோன்றுவதுமில்லை, கெடுவதுமில்லை. இருப்பது வடிவம் மாறுகிறது. அவ்வகையில் விகாரத்தினும் திரிபே நுண்மையான தேர்வு.

சிக்கல் எந்திரக் கற்றலிலிருந்து வரும் சொற்களில் உள்ளது. 'மாதிரி' என்பது சோதனைக்கு எடுத்த ரப்பர்த் துண்டையும் குறிக்கிறது. அதன் நடத்தையை உரைக்கும் கணித அமைப்பையும் குறிக்கிறது. 'மாதிரியைக் கொண்டு மாதிரியைச் சரிபார்த்தல்' என்னும் தொடர் எவருக்கும் விளங்காது. முன்னதைச் சோதனைத் துண்டு என்றே எழுதிவிடலாம். வலைப்பின்னலின் பெருக்கெண்ணைச் சிலர் 'எடை' என்கின்றனர். ரப்பரில் எடை தொங்கவிட்டு அளக்கும் துறையில் அச்சொல் குழப்பமே தரும். இக்கட்டுரை அதைத் தவிர்த்ததற்குக் காரணம் இதுவே.

'நெகிழ்ச்சி' பற்றி ஒரு குறிப்பு. மீளும் பண்பை நெகிழ்ச்சி என எழுதும் வழக்கம் இன்றும் உண்டு. ஆனால் தமிழக அரசு ஆணைகளிலும் நாளிதழ்களிலும் பிளாஸ்டிக்குக்கு 'நெகிழி' நிலைபெற்றுவிட்டது. விசையியலில் பிளாஸ்டிக் பண்பு என்பது உருமாறியபின் மீளாமை. ஆகவே ரப்பரின் நெகிழ்ச்சி என்று எழுதினால், படிப்பவர் அதன் நேர் எதிர்ப்பண்பை உணர வாய்ப்புண்டு. பாடநூல்கள் ஆளும் 'மீட்சி' என்பதையே இவ்விடத்தில் கொள்ளலாம்.